கொடி விழும் கணம்: சதுரங்கக் கடிகாரமும் ஆட்ட நேர்மையும்

ஆகஸ்ட் 29ஆம் தேதி வேளாங்கண்ணியில் மாதா கோயில் கொடி ஏறும். செப்டம்பர் 8ஆம் தேதி, மாதாவின் பிறந்தநாளன்று, அது இறங்கும். அந்தப் பதினொரு நாளும் காவி உடுத்திக் கால்நடையாக வரும் யாத்திரிகர்களுக்குக் கொடி என்றால் தொடக்கம். சதுரங்கம் பழகும் பிள்ளைகளுக்கோ கொடி என்றால் முடிவு. "ஃபிளாக் விழுந்துடுச்சு சார்!" என்று ஒரு பிள்ளை நடுவரைப் பார்த்துக் கை தூக்கும்போது, எதிரே இருக்கும் பிள்ளையின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சொல்லின் கனம் தெரியும்.

பழைய சதுரங்கக் கடிகாரத்தில் இரண்டு முகங்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் பன்னிரண்டுக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு சிறு தகடு தொங்கும். அதுதான் கொடி. கடைசி இரண்டு மூன்று நிமிடங்களில் பெரிய முள் அதன் அடியில் போய் அதை மெல்லத் தூக்கத் தொடங்கும். முள் பன்னிரண்டைத் தொட்டதும் தாங்குவதற்கு ஒன்றுமில்லாமல் தகடு 'டக்'கென்று விழும். பலகையில் ராணி இருக்கலாம், இரண்டு யானைகள் இருக்கலாம், அடுத்த நகர்த்தலிலேயே செக்மேட் காத்திருக்கலாம். கொடி விழுந்தவர் தோற்றார். இன்றைய மின்னணுக் கடிகாரத்தில் தகடு இல்லை. சுழியங்கள்தான் தெரியும். பெயர் மட்டும் மாறவில்லை.

இப்படிக் கிடைக்கும் வெற்றி நேர்மையான வெற்றிதானா? பலகையில் தோற்றுக்கொண்டிருந்தவர் கடிகாரத்தில் வென்றால் அதை எப்படி எடுத்துக்கொள்வது? ஊர்தோறும் சதுரங்க வகுப்புகள் பெருகிவிட்ட தமிழ்நாட்டில் பெற்றோரும் பயிற்சியாளர்களும் தெளிவான விடை தரவேண்டிய கேள்வி இது. என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடிகாரத்தில் வெல்வது வெற்றிதான். அடுத்தவருடைய நேரத்தைப் பறித்து வெல்வது மட்டுமே தவறு. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகினால் பிள்ளைகளின் கண்ணீரில் பாதி குறையும்.

ஓர் ஆட்டம்

ஒரு கற்பனை ஆட்டத்தை வைத்துக்கொள்வோம். வேளாங்கண்ணியில் ஒரு கல்யாண மண்டபம், ஞாயிற்றுக்கிழமை, பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் போட்டி. ஆளுக்குப் பதினைந்து நிமிடம், அதற்குமேல் ஒரு விநாடியும் கிடையாது. கடைசிக் கட்டத்தில் சிறுமியிடம் ராஜாவோடு ஒரு யானையும் இரண்டு சிப்பாய்களும் இருக்கின்றன. சிறுவனிடம் ராஜாவும் ஒரு யானையும் மட்டுமே. நிதானமாக ஆடினால் அவள் வெல்வாள். ஆனால் அவள் கடிகாரத்தில் 14 விநாடி, அவனிடம் ஒரு நிமிடம் 50 விநாடி. அவன் யானையை நகர்த்தி 'செக்' சொல்கிறான். அவள் ராஜாவை நகர்த்துகிறாள். மறுபடி செக், மறுபடி ராஜா. ஏழெட்டு முறை இப்படிப் போனதும் அவள் கொடி விழுகிறது. சிறுவனின் அப்பா, "ஜெயிச்சா ஜெயிச்சதுதான்" என்கிறார். சிறுமியின் பயிற்சியாளர், "இதெல்லாம் ஒரு ஜெயிப்பா?" என்கிறார்.

பன்னாட்டுச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதி தெளிவாக இருக்கிறது. குறித்த நேரத்துக்குள் குறித்த நகர்த்தல்களை முடிக்காதவர் தோற்றார். ஒரே ஒரு விலக்கு உண்டு: விதிக்குட்பட்ட எந்த நகர்த்தல் வரிசையாலும் எதிராளியால் செக்மேட் செய்யவே முடியாது என்ற நிலை இருந்தால் ஆட்டம் டிரா. சிறுவனிடம் வெறும் ராஜா மட்டும் இருந்திருந்தால் அரைப் புள்ளியோடு போயிருப்பான். யானை இருப்பதால் முழுப் புள்ளியும் அவனுக்கு.

விதிப்படி அப்பா சொன்னது சரி. பயிற்சியாளரின் மனக்குறையிலும் ஒரு நியாயம் இருக்கிறது. அது எது என்று பார்க்கக் கடிகாரம் ஏன் வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கடிகாரம் வந்த கதை

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் திருப்பூவனூர் இருக்கிறது. திருநாவுக்கரசர் பாடிய தலம். அங்குள்ள இறைவனுக்குச் சதுரங்க வல்லபநாதர் என்று பெயர். சதுரங்கத்தில் யாராலும் வெல்ல முடியாத இளவரசி ராஜராஜேஸ்வரியைச் சிவபெருமான் சித்தர் வடிவில் வந்து ஆடி வென்று மணந்தார் என்பது தலபுராணம். 2022 ஜூலை 28 அன்று சென்னையில் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாடைத் தொடங்கிவைத்த பிரதமர் இந்தக் கோயிலைக் குறிப்பிட்டுப் பேசினார். 'ஆனைக்குப்பு' என்று சதுரங்கத்துக்குப் பழைய தமிழ்ப் பெயரே உண்டு. சித்தருக்கும் இளவரசிக்கும் நடுவில் கடிகாரம் இல்லை. எத்தனை நாள் வேண்டுமானாலும் யோசித்திருக்கலாம்.

மனிதர்களுக்கிடையே அது சரிப்படவில்லை. 1851இல் லண்டனில் நடந்த முதல் பன்னாட்டுப் போட்டியில் நேரக் கட்டுப்பாடு கிடையாது. ஒரு நகர்த்தலுக்கு மணிக்கணக்கில் யோசிப்பவர்களைப் பற்றி அப்போதே குறைபட்டார்கள். பேசாமல் உட்கார்ந்து எதிராளியைக் களைக்கவைப்பதும் ஓர் உத்தியாகிவிட்டது. உடல் தாங்கியவர் வென்றார், அலுத்தவர் தோற்றார். 1861இல் ஆண்டர்சனும் கோலிஷும் மோதியபோது மணற்கடிகாரம் வைத்தார்கள். 1883 லண்டன் போட்டியில் மான்செஸ்டர் சங்கத்தைச் சேர்ந்த தாமஸ் பிரைட் வில்சன் வடிவமைத்த இரட்டைக் கடிகாரம் வந்தது. ஒன்று ஓடும்போது மற்றது நிற்கும். கொடி பிறகு சேர்ந்தது.

கடிகாரம் வந்த காரணமே அநீதியைத் தடுப்பதுதான் என்பதை இந்த வரிசை காட்டுகிறது. எதிராளியின் பொறுமையைத் தின்று வெல்ல முயன்றவரிடமிருந்து ஆட்டத்தைக் காக்க வந்த கருவி அது. இன்று அதே கருவியால் கிடைக்கும் வெற்றியைக் குறுக்குவழி என்று நாம் பேசுகிறோம்.

நல்ல நிலையின் விலை

கற்பனை ஆட்டத்துக்குத் திரும்புவோம். சிறுமியிடம் இரண்டு சிப்பாய்கள் அதிகம். அவை எங்கிருந்து வந்தன? ஆட்டத்தின் நடுவில் அவள் மூன்று நிமிடம் யோசித்தாள், பிறகு நான்கு நிமிடம் யோசித்தாள். அந்த யோசனையில் கிடைத்தவை அவை. அந்த நல்ல நிலையை அவள் நேரம் கொடுத்து வாங்கினாள். சிறுவன் அந்த விலையைக் கொடுக்கவில்லை. அதனால் அவன் பலகையில் நலிந்தான், கடிகாரத்தில் வலுத்தான். இருவரும் சரிசமமாகப் பெற்ற பதினைந்து நிமிடத்தை இருவரும் தத்தம் விருப்பப்படி செலவழித்தார்கள். நேரமும் ஒரு காய்தான். பதினேழாவது காய். அதை இழந்தவரிடம் ராணியை இழந்தவரிடம் காட்டும் அளவுக்கு மேல் இரக்கம் காட்ட முடியாது.

இதை வாழ்ந்து காட்டியவர் காவிரிப் படுகையில் பிறந்தவர்தான். விஸ்வநாதன் ஆனந்த் 1969 டிசம்பர் 11 அன்று மயிலாடுதுறையில் பிறந்தார். வளர்ந்தது சென்னையில். இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டரான மானுவல் ஆரோன் 1972இல் சோவியத் பண்பாட்டு மையத்தில் தொடங்கிய தால் செஸ் கிளப்தான் அவருடைய பயிற்சிக்களம். அங்கே நடந்த மின்னல்வேக ஆட்டங்களில் தோற்றவர் எழுந்து அடுத்தவருக்கு இடம் விடவேண்டும், வென்றவர் உட்கார்ந்தே இருக்கலாம். நாற்காலியைக் காத்துக்கொள்ள வேகமாகவும் சரியாகவும் யோசிக்க வேண்டியிருந்தது. அந்த வேகம் எதிராளியை ஏமாற்றும் வித்தையாக இருக்கவில்லை. அது ஒருவகை அறிவு.

2012இல் மாஸ்கோவில் போரிஸ் கெல்ஃபாண்டுக்கு எதிரான உலகப் பட்டப் போட்டியில் பன்னிரண்டு ஆட்டங்கள் 6-6 என்று முடிந்தன. மே 30 அன்று ஆளுக்கு 25 நிமிடமும் நகர்த்தலுக்கு 10 விநாடியும் கொண்ட விரைவு ஆட்டங்களில் ஆனந்த் 2.5-1.5 என்று வென்று பட்டத்தைக் காத்தார். இரண்டாவது விரைவு ஆட்டத்தில், டிராவாகப் பிடித்திருக்கக்கூடிய இறுதிக் கட்டத்தில், விநாடிகளோடு போராடிய கெல்ஃபாண்ட் தவறினார். அந்தப் பட்டத்தைக் கடிகாரம் தந்த பட்டம் என்று சொல்ல முடியுமா? கெல்ஃபாண்டும் ஆனந்தும் ஒரே விலைக்கு ஒரே பொருளை வாங்க வந்தவர்கள். ஒருவர் கையில் மிச்சம் இருந்தது.

2024 நவம்பர் 27 அன்று சிங்கப்பூரில் இதைவிட வெளிப்படையாக நடந்தது. டிங் லிரெனுக்கு எதிரான உலகப் பட்டப் போட்டியின் மூன்றாவது ஆட்டம். சென்னையின் குகேஷ் வெள்ளைக் காய்களோடு ஆடினார். முதல் 40 நகர்த்தலுக்கு ஆளுக்கு 120 நிமிடம், அதுவரை கூடுதல் விநாடி கிடையாது. 37ஆம் நகர்த்தலில் டிங்கின் நேரம் தீர்ந்துபோனது. ஏட்டில் அது நேரத்தால் கிடைத்த வெற்றி. ஆனால் டிங்கின் நேரத்தைத் தின்றது எது? குகேஷ் வீட்டிலிருந்து தயாரித்துவந்த தொடக்கம். அதற்கு விடை தேடித்தான் டிங் நிமிடம் நிமிடமாகச் செலவழித்தார். கொடி விழுந்தபோது பலகையிலும் அவர் நிலை தோற்ற நிலையாகவே இருந்தது. கடிகாரமும் பலகையும் ஒரே தீர்ப்பைத்தான் சொன்னன.

முறைத் தண்ணீர்

இந்தப் பகுதிக்காரர்களுக்கு இதை விளக்கப் புதிதாக உவமை தேட வேண்டியதில்லை. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கும். கல்லணையில் தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரியும். வரத்துக் குறைந்த ஆண்டுகளில் முறை வைத்து விடுவார்கள். இத்தனை நாள் இந்த ஆற்றுக்கு, அடுத்து அத்தனை நாள் அந்த ஆற்றுக்கு. கீழே வாய்க்காலுக்கு வரும்போது நாள் கணக்கு மணிக்கணக்காகும். வேளாங்கண்ணி கடைமடை. வெண்ணாற்றின் கிளையான வெள்ளையாறு இந்த ஊரை ஒட்டித்தான் கடலில் கலக்கிறது. கடைமடைக்காரனுக்கு முறையின் ஒவ்வொரு மணியும் நெல்.

முறை என்பது சமமான பங்கு. என் முறையில் நான் தூங்கிவிட்டால் தண்ணீர் அடுத்த வயலுக்குப் போகும். "என் பயிர் உன் பயிரைவிட நன்றாக இருந்தது, அதனால் உன் தண்ணீரையும் கொடு" என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. என் முறை முடிந்ததும் மடையைத் திருப்பும் பக்கத்து வயல்காரன் கெட்டவனும் இல்லை. ஆனால் என் முறை ஓடும்போது அவன் மேலே போய் வாய்க்காலை அடைத்தால் அது திருட்டு. அதற்குப் பஞ்சாயத்து உண்டு.

சதுரங்க நேர்மையும் இந்த இடத்தில்தான் நிற்கிறது. கடிகாரத்தில் வென்றவரிடம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: எதிராளியின் நேரம் அவருடைய யோசனையில் செலவானதா, உன் கையால் செலவானதா?

வாய்க்காலை அடைப்பவர்கள்

கையால் செலவாக்கும் வழிகள் பல. அவசரத்தில் காய்களைச் சரித்துவிட்டு அப்படியே கடிகாரத்தை அழுத்துவது. எதிராளி குனிந்து காயை நிமிர்த்தும்போது ஓடுவது எதிராளியின் நேரம். ஒரு கையால் காயை நகர்த்தி, கடிகாரத்தின் மேலேயே வைத்திருக்கும் மறு கையால் அழுத்துவது. நகர்த்தாமலே அழுத்துவது. எதிராளி யோசிக்கும்போது திரும்பத் திரும்ப டிரா கேட்பது.

ஒவ்வொன்றுக்கும் ஃபிடே விதி உண்டு. காயைச் சரித்தவர் தன் சொந்த நேரத்திலேயே அதைச் சரியாக வைக்கவேண்டும். நகர்த்திய கையாலேயே கடிகாரத்தை அழுத்தவேண்டும். நகர்த்தாமல் அழுத்தினால் விதிமீறிய நகர்த்தலாகக் கணக்கு. நீண்ட ஆட்டத்திலும் விரைவு ஆட்டத்திலும் எதிராளிக்கு இரண்டு நிமிடமும், மின்னல்வேக ஆட்டத்தில் ஒரு நிமிடமும் கூடும், இரண்டாவது முறை செய்தால் ஆட்டமே போகும். எதிராளியின் கவனத்தைக் கலைப்பது எந்த வகையிலும் தடை. பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தொடக்க உத்திகளில் பத்துப் பதினைந்து நகர்த்தல் மனப்பாடம். இந்த விதிகள் தெரிந்தவர்கள் குறைவு.

இவற்றுள் ஒரு விதி தனியாகக் கவனிக்கத் தக்கது. நகர்த்தியவர் தன் கடிகாரத்தை அழுத்துமுன் எதிராளி அடுத்த நகர்த்தலை வைத்துவிட்டாலும், முதலாமவர் அழுத்த இடம் தரவேண்டும். ஒரு விநாடிக்குள் அடங்கும் இந்த உரிமை எவ்வளவு பெரியது என்பதை 2008இல் அமெரிக்காவின் டல்சா நகரில் நடந்த மகளிர் தேசியப் போட்டி காட்டியது. பட்டத்தை முடிவுசெய்யும் கடைசி ஆட்டத்தில் ஐரினா கிரஷும் அன்னா ஸடோன்ஸ்கியும் மோதினார்கள். கூடுதல் விநாடி இல்லாத ஆட்டம். முடிவில் கைகள் மட்டுமே ஓடின. கிரஷின் நேரம் தீர்ந்தபோது ஸடோன்ஸ்கியிடம் மிச்சம் இருந்தது ஒரே விநாடி. தான் கடிகாரத்தை அழுத்துவதற்குள்ளாகவே எதிராளி நகர்த்திவிட்டார் என்று கிரஷ் பின்னர் பகிரங்கக் கடிதம் எழுதினார். ஸடோன்ஸ்கி அதை மறுத்தார். பட்டம் அவரிடமே இருந்தது.

யார் பக்கம் நியாயம் என்று அந்தக் காணொளியை ஆண்டுக்கணக்கில் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். என் பார்வையில் குறை அந்த இருவரிடமும் இல்லை. ஒரு நாட்டின் பட்டத்தை விரல் வேகத்திடம் ஒப்படைத்த ஏற்பாட்டில்தான் குறை. விநாடிக்கு ஒரு நகர்த்தல் என்று ஆனபின் யோசனை அங்கே இல்லை. யோசனை இல்லாத இடத்தில் நேரத்தை யோசனையின் விலை என்று சொல்லும் வாதமும் நிற்காது. கற்பனை ஆட்டத்தின் பயிற்சியாளர் உணர்ந்த நியாயம் இதுவே. கடைசிப் பதினான்கு விநாடியில் சிறுவன் சதுரங்கம் ஆடவில்லை.

எழுத்தும் உணர்வும்

விதியின் எழுத்தைப் பிடித்துக்கொண்டு கேட்பது நேர்மைக் குறைவா? அதே 2008இல் ரஷ்யாவின் நால்ச்சிக்கில் நடந்த உலக மகளிர் பட்டப் போட்டியில் இந்தக் கேள்வி எழுந்தது. போலந்தின் மோனிகா சோச்கோவும் ருமேனியாவின் சபினா ஃபொய்ஷோரும் ஆடிய ஆட்டம் 'அர்மகெடான்' வகை: வெள்ளைக்கு நேரம் அதிகம், ஆனால் வென்றே தீரவேண்டும், கறுப்புக்கு நேரம் குறைவு, டிரா ஆனாலே போதும். கடைசியில் இருவரிடமும் ராஜாவும் குதிரையும் மட்டுமே. ஃபொய்ஷோரின் கொடி விழுந்தது. நடுவர் முதலில் டிரா என்றார். சோச்கோ மேல்முறையீடு செய்தார். குதிரைக்குக் குதிரை நிலையில் வலிந்து செக்மேட் செய்ய முடியாது, ஆனால் எதிராளி ஒத்துழைத்தால் செக்மேட் வரக்கூடிய நிலை உண்டு. விதி கேட்பது அந்த வாய்ப்பு இருக்கிறதா என்பதை மட்டுமே. முறையீடு ஏற்கப்பட்டது. சோச்கோ அடுத்த சுற்றுக்குப் போனார்.

பலர் இதை அநியாயம் என்றார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அர்மகெடான் ஆட்டத்தில் நேரத்துக்கு முன்கூட்டியே விலை பேசப்பட்டிருக்கிறது. குறைந்த நேரத்துக்கு ஈடாகத்தான் கறுப்புக்கு 'டிரா போதும்' என்ற சலுகை. சலுகையை வாங்கிக்கொண்டு விலையைத் தர மறுக்க முடியாது. இருவரும் ஒப்புக்கொண்டு உட்கார்ந்த விதியை ஒருவர் நினைவூட்டினார். நினைவூட்டுவது நேர்மைக்கு விரோதமாகாது.

கம்பி அறுந்தபோது

நேரம் யோசனையிலும் செலவாகவில்லை, எதிராளியின் கையாலும் செலவாகவில்லை என்றால்? பெருந்தொற்றுக் காலத்தில் இந்த மூன்றாவது வழி வந்தது. 2020இல் நடந்த முதல் இணையவழி ஒலிம்பியாடில் காலிறுதியில் இந்தியாவும் ஆர்மேனியாவும் மோதின. நிஹால் சரினோடு ஆடிக்கொண்டிருந்த ஆர்மேனிய வீரர் ஹைக் மார்ட்டிரோசியானின் இணைப்பு துண்டித்தது. நேரம் ஓடித் தோற்றார். ஆர்மேனியாவின் முறையீடு தள்ளுபடியானது. அந்த அணி போட்டியிலிருந்தே விலகியது. இந்தியா முன்னேறியது.

ஆகஸ்ட் 30 அன்று ரஷ்யாவோடு இறுதிப் போட்டி. உலகளாவிய இணையக் கோளாறு ஒன்றில் நிஹால் சரின், திவ்யா தேஷ்முக் இருவரின் இணைப்பும் போயிற்று. இருவரும் நேரத்தில் தோற்றார்கள். இந்தியா முறையிட்டது. ஃபிடே தலைவர் அர்காடி த்வோர்கோவிச் இரு அணிகளுக்கும் தங்கம் என்று அறிவித்தார்.

இந்த இரண்டு நாட்களையும் சேர்த்தே நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும். இணைப்பு போனது எந்தப் பக்கத்துக் கோளாறு என்பதில் இரண்டு நிகழ்வுகளும் வேறுபட்டன, தீர்ப்பும் வேறுபட்டது. ஆனால் அணைந்துபோன திரையின் முன் உட்கார்ந்திருந்த வீரரின் மனநிலை இரண்டிலும் ஒன்றுதான். ஒருமுறை நாம் அதன் பயனைப் பெற்றோம், மறுமுறை அதன் அடியை வாங்கினோம். இறுதியில் கிடைத்த தங்கத்தைப் பகிர்ந்த தங்கம் என்றே சொல்வதுதான் நமக்கு அழகு.

அதே ஆண்டு இன்னொரு இணையவழிப் போட்டியில் மாக்னஸ் கார்ல்சன் செய்ததைப் பயிற்சியாளர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். சீனாவிலிருந்து ஆடிய டிங் லிரெனின் இணைப்பு அறுந்து, நேரம் தீர்ந்து அவர் தோற்றார். விதிப்படி புள்ளி கார்ல்சனுக்கு. அடுத்த ஆட்டத்தில் கார்ல்சன் நான்காவது நகர்த்தலிலேயே வேண்டுமென்றே ராணியைக் கொடுத்துவிட்டு ஆட்டத்தை விட்டார். எந்த நடுவரும் கேட்கவில்லை, எந்த விதியும் சொல்லவில்லை. தன் கணக்கில் வந்து விழுந்த தண்ணீர் தன் முறையுடையதல்ல என்று அவருக்குத் தெரிந்தது. மடையைத் திருப்பிவிட்டார்.

ஐந்து விநாடி

தனி மனிதரின் பெருந்தன்மையை எல்லா மேசையிலும் எதிர்பார்க்க முடியாது. பத்து வயதுப் பிள்ளையிடம் எதிர்பார்ப்பது முறையும் இல்லை. பிள்ளையின் மனத்தை அந்தச் சோதனையில் தள்ளாத ஏற்பாட்டைச் செய்வது பெரியவர்கள் வேலை. அதற்குரிய கருவி முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது. பாபி ஃபிஷர் 1989இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற கடிகாரத்தில் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் சில விநாடிகள் கூடும். 1992இல் அவரும் ஸ்பாஸ்கியும் மறுபடி மோதியபோது அதைப் பயன்படுத்தினார்கள். நம் பிள்ளைகள் 'இன்கிரிமென்ட்' என்று சொல்வது இதைத்தான். மாமல்லபுரத்தில் நடந்த அந்த 2022 ஒலிம்பியாடில் முதல் நகர்த்தலிலிருந்தே 30 விநாடி கூடியது.

சிறு போட்டிகளில் இதைத் தவிர்ப்பவர்கள் சொல்லும் காரணம், சுற்றுகள் இழுத்துக்கொண்டே போகும், மண்டபத்தைச் சாயங்காலம் காலி செய்ய முடியாது என்பது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆளுக்கு 15 நிமிடம், கூடுதல் இல்லை என்றால் ஒரு சுற்று அதிகபட்சம் 30 நிமிடம். அதற்குப் பதில் 10 நிமிடமும் நகர்த்தலுக்கு 5 விநாடியும் கொடுத்தால், 60 நகர்த்தல் ஓடும் ஆட்டத்தில் ஒருவருக்குக் கிடைப்பது 10 நிமிடமும் 300 விநாடியும், அதாவது அதே 15 நிமிடம். 100 நகர்த்தல் வரை இழுத்தாலும் ஒருவருக்கு 18 நிமிடம் 20 விநாடிதான். இருவருக்கும் சேர்த்து ஏழு நிமிடத்துக்கும் குறைவாகவே கூடுகிறது. அந்த ஏழு நிமிடத்துக்காக ஒரு பிள்ளையின் ஆட்டத்தை விரல் வேகத்திடம் விடுவது என்ன நியாயம்?

மின்னணுக் கடிகாரம் போதாத இடங்களுக்கும் ஃபிடே ஒரு வழி வைத்திருக்கிறது. கூடுதல் விநாடி இல்லாத நீண்ட ஆட்டத்திலும் விரைவு ஆட்டத்திலும், போட்டிக்கு முன்பே அறிவித்திருந்தால், இரண்டு நிமிடத்துக்கும் குறைவாக உள்ளவர் தன் முறையின்போது இருவருக்கும் ஐந்து விநாடிக் கூடுதல் கேட்கலாம். அது டிரா கேட்டதாகவும் ஆகும். எதிராளி மறுத்து, நடுவர் ஒப்பினால், எதிராளிக்கு இரண்டு நிமிடம் சேர்த்துக் கொடுத்து, ஐந்து விநாடிக் கூடுதலோடு ஆட்டம் தொடரும். எல்லா மேசைக்கும் போதாவிட்டாலும் மண்டபத்தில் ஒரு மின்னணுக் கடிகாரம் இருந்தால் இதற்குப் போதும். மின்னல்வேக ஆட்டத்துக்கு மட்டும் இது பொருந்தாது.

நம் கற்பனை ஆட்டம் பதினைந்து நிமிட விரைவு ஆட்டம். காலையில் நடுவர் ஒலிபெருக்கியில் இந்த விதியை அறிவித்திருந்தால், 14 விநாடி இருக்கும்போது அந்தச் சிறுமி அழுவதற்குப் பதில் கை தூக்கியிருப்பாள். சிறுவனுக்கும் பாடம் கிடைத்திருக்கும். ஒரு யானையை வைத்துக்கொண்டு இரண்டு சிப்பாய்களைத் தடுப்பது எப்படி என்பது சதுரங்கத்தின் அழகான கலைகளில் ஒன்று. கொடிக்குக் காத்திருந்ததால் அவன் அதைக் கற்கத் தவறினான்.

கை குலுக்கிய பிறகு

2025 ஜூன் 1 அன்று நார்வேயின் ஸ்டாவங்கரில் குகேஷ் நீண்டநேர ஆட்டத்தில் கார்ல்சனை முதன்முறையாக வென்றார். பெரும்பகுதி நேரம் கார்ல்சனின் கையே ஓங்கியிருந்தது. கடைசியில் நேர நெருக்கடியில் தவறினார். மேசையை ஓங்கிக் குத்தினார், காய்கள் துள்ளின. அதே கார்ல்சன்தான் 2020இல் ராணியைக் கொடுத்தவர். கோபம் வருவது மனித இயல்பு. அடுத்த நொடியே அவர் குகேஷிடம் வருத்தம் தெரிவித்தார், போகும்போது முதுகில் தட்டிக்கொடுத்தார். நம் பிள்ளைகளுக்கு வேண்டியதும் இதுதான். கொடி விழுந்து தோற்ற பிள்ளை அழலாம். அதன் பிறகு கை கொடுக்கவேண்டும். கொடியால் வென்ற பிள்ளை மகிழலாம். எதிரே இருப்பவரின் முகம் தெரியும்படி மகிழவேண்டும்.

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் பதினான்காவது ஆட்டம் முடிந்தது. பதினெட்டு வயதில் குகேஷ் உலகச் சாம்பியன். டிங் கை கொடுத்துவிட்டு எழுந்துபோனார். அரங்கம் ஆரவாரித்தது. குகேஷ் அழுதுகொண்டிருந்தார். அழுதுகொண்டே, கலைந்துகிடந்த காய்களை ஒவ்வொன்றாக எடுத்து அவற்றின் தொடக்கக் கட்டங்களில் திரும்ப வைத்தார். வெள்ளை, கறுப்பு இரண்டையும். ஆட்டம் முடிந்ததும் காய்களை அடுக்கிவிட்டுத்தான் எழவேண்டும் என்பது நம் ஊர் வகுப்புகளில் முதல் நாளே சொல்லித்தருவது. வேளாங்கண்ணியிலோ நீடாமங்கலத்திலோ ஒரு மண்டபத்தில், கொடி விழுந்த மேசையில் இரண்டு பிள்ளைகள் சேர்ந்து அப்படிக் காய்களை அடுக்கினால், அடுத்த சுற்றுக்கு அந்தப் பலகை தயார்.